42,480 ரூபாய்க்கு ஒரு காது மிஷின்: மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துக்காரர்கள் கவனத்துக்கு

இப்போதுதான் தஞ்சாவூரிலிருந்து வந்து பையை வைத்தேன். அந்தக் கடைக்கு இது மூன்றாவது நடை. வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டு, பஸ்ஸுக்குள் வெந்து போனேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் ‘போனது போச்சு’ என்று நானே சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் புத்தி உண்டு.

கடையின் பெயரைப் போடவில்லை. துபாயில் இருக்கும் தம்பி, “அக்கா, பேரைப் போட்டுத் தொலைக்காத, அவன் நம்ம மேலயே கேஸ் போடுவான்” என்கிறான். காது மிஷின் விற்கும் கடை. நாலைந்து ஊரில் கிளை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன ஊர்களில் கல்யாண மண்டபம் பிடித்து ‘இலவச காது பரிசோதனை முகாம்’ நடத்துவார்கள். இவ்வளவு போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். காது மிஷின் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

அப்பாவுக்கு 76 வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஆற்று மதகுகளின் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலையில் இருந்தவர். வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிந்து போகிற மூணாறு தலைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தண்ணீர் என்ன இரைச்சல் போடும் என்று. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த காது அவருடையது. இருட்டில் கரையில் நின்றபடி, எந்த ஷட்டரில் செத்தை அடைத்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். ஜூன் 12 மேட்டூர் திறந்ததும், நம்ம பக்கம் எப்போது தண்ணீர் வரும் என்று ஊரில் பாதிப் பேர் அப்பாவிடம்தான் கேட்பார்கள்.

அந்த மனுஷனுக்கு மூன்று வருஷமாகக் காது மந்தம். முதலில் டிவி சத்தம் கூடியது. அப்புறம் எதற்கெடுத்தாலும் “என்ன?” “என்ன?” பிறகு அந்த “என்ன?”வும் நின்றுபோனது. அதுதான் மோசமான கட்டம், எங்களுக்கு அப்போது தெரியவில்லை. டீக்கடைக்குப் போவதை விட்டார். நாலு பேர் சிரித்தால் அவரும் சிரிப்பார். தம்பி போன் செய்தால், அவன் என்ன கேட்டாலும் “நல்லாருக்கேன், நல்லாருக்கேன்”தான் பதில். “பணம் வந்துச்சாப்பா?” “நல்லாருக்கேன்.”

இந்த நிலைமையில்தான் பேப்பருக்குள் வைத்து அந்த நோட்டீஸ் வந்தது. மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். டோக்கன் எண் 31. டீ, பிஸ்கட், இலவசமாக பிரஷர் பார்த்தல் எல்லாம் உண்டு. எங்கள் முறை வந்தபோது வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், நாற்காலியில் உட்காராமல் அப்பா காலடியில் குந்தி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “தாத்தா, எந்த ஊரு? மூணாறு தலைப்பா? சின்ன வயசுல அங்க குளிக்க வந்திருக்கேன் தாத்தா.” எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே அவரிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசுவதில்லை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹெட்போனை மாட்டி லேப்டாப்பில் ஐந்து நிமிஷம் ஏதோ செய்தான். மேலே ஃபேன் கரகரவென்று சுற்றுகிறது, மைக்கில் டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள், அதற்கு நடுவில் காது டெஸ்ட். திரையில் கலர் கலராகக் கோடு காட்டினான். “காது கேக்காம விட்டா ஆறு மாசத்துல மறதி நோய் வந்துடும்க்கா, அப்புறம் உங்களையே யாருன்னு கேப்பாரு” என்றான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மிஷினை அப்பா காதில் மாட்டினான். தூரப் போய் நின்று மெதுவாக “தாத்தா” என்றான். அப்பா திரும்பினார். அப்புறம் தலையைத் தூக்கி மண்டபத்தின் கூரையைப் பார்த்தார். அம்மாவிடம், “ஏய், புறா குனுகுதுடி” என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எம்ஆர்பி 72,000, முகாம் விலை 36,000, இன்று ஒரு நாள் மட்டும். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 6,480. மொத்தம் 42,480 ரூபாய். அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்குத் தம்பி அனுப்பி வைத்திருந்தது 30,000. மீதி 12,480 என் சீட்டுப் பணம். போனில்தான் அனுப்பினேன். பணம் கடையின் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. அதை அப்போதே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ரகசிய எண்ணை அழுத்தினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பில் என்று தந்த தாளில் மேலே ‘எஸ்டிமேட்’ என்று போட்டிருந்தது. அதையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

வீட்டில் இரண்டாம் நாளே மிஷின் ஊய் ஊய் என்று விசிலடிக்க ஆரம்பித்தது. அடுக்களையில் தட்டு வைத்தால் அப்பாவுக்கு இடி விழுந்த மாதிரி துள்ளிப்போடும். நான் பேசுவது மட்டும் புரியாது. முகாமில் பேசிய அந்த அன்பான பையனுக்குப் போன் செய்தேன். “புதுசுல அப்படித்தான்க்கா, பத்து நாள் பழகணும்.” பத்து நாள் கழித்து, “பேட்டரி மாத்திப் பாருங்க.” மாற்றினோம். “அப்ப காது அளவுக்கு மோல்டு போடணும், 3,500 ஆகும்.” அதற்கப்புறம் அவன் எண் எடுக்கப்படவே இல்லை. கடைக்குப் போன் செய்தால் ஒரு பெண், “அவர் வேலையை விட்டுப் போயிட்டாரு மேடம், கம்ப்ளெயின்ட் எழுதிக்கிட்டேன், திருச்சியிலேர்ந்து இன்ஜினியர் கூப்பிடுவாரு” என்றாள். திருச்சி இன்ஜினியர் இன்றுவரை கூப்பிடவில்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. மூன்றாவது வாரம் அப்பா, “இப்ப நல்லா கேக்குது பாப்பா, பழகிப்போச்சு” என்றார். காலையில் எழுந்ததும் மிஷினை மாட்டிக்கொள்வார், படுக்கும்போது கழற்றித் துடைத்து டப்பாவில் வைப்பார். நான் நம்பினேன். தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் அம்மா துடைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் உள்ளே பேட்டரியே இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று தெரியாது. கேட்டதற்கு, “அவ்வளவு பணம் போட்டிருக்கு, மாட்டிக்காம இருந்தா உங்களுக்கு வருத்தமா இருக்காதா” என்றார். 42,480 ரூபாய் வீணாகவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காக அந்த மனுஷன் வெறும் பிளாஸ்டிக்கைக் காதில் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் தலையாட்டியிருக்கிறார்.

மறுநாளே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், திட்டுவதானால் திட்டுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் செய்த வேலை, விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தது. இரண்டு காதிலும் அழுக்கு கட்டியாக அடைத்திருந்தது. முகாமில் ஒருவர்கூட காதுக்குள் பார்க்கவில்லை! சொட்டு மருந்து தந்து, நாலு நாள் கழித்து வரச்சொல்லி எடுத்தார்கள். அதிலேயே கொஞ்சம் தெளிந்தது. பிறகு சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தார்கள்.

அந்தக் காது டெஸ்ட்டை எடுத்த ஆடியாலஜிஸ்ட் அம்மா சொன்னது இது. வயதானால் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்து காதில் விழும், அதோடு ஒட்டியிருக்கிற ச, த மாதிரி மெல்லிய ஓசைகள் நழுவிவிடும். ‘சட்டி’ என்றாலும் ‘கட்டி’ என்றாலும் அவர்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் “சத்தம் கேக்குது, பேச்சு புரியல” என்கிறார்கள். கத்திப் பேசினால் தீராது. எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ, ஆடியோகிராம் பார்த்து அதை மட்டும் அந்த அளவுக்கு ஏற்றிக் கொடுப்பதுதான் காது மிஷின். எங்களிடம் விற்றது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கிற வெறும் ஒலிபெருக்கி. அமைதியான நேரத்தில் புறா சத்தம் பிரமாதமாகக் கேட்கும். வீட்டில் மிக்ஸி ஓடினால் மிக்ஸிதான் கேட்கும். சத்தத்துக்கு அளவில்லாமல் போட்டால் மிச்சமிருக்கும் காதும் கெடும், மாட்டாதீர்கள் என்றார். இதே அச்சில் ஒன்று இணையத்தில் ஆயிரத்துச் சில்லறைக்குக் கிடைக்கிறது, தம்பி தேடி அனுப்பினான். நாங்கள் கொடுத்தது 42,480.

மறதி நோய் விஷயத்தையும் கேட்டேன். காது கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான வாய்ப்பு கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது உண்மைதானாம். அதற்காக ஆறு மாசம் என்று கெடு வைப்பது வியாபாரம். பாதி உண்மையை வைத்து மிரட்டியிருக்கிறான், அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு கூத்து, காது மிஷினுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரி இல்லாத பொருள். அப்படியானால் அந்த 6,480 எந்த சர்க்காருக்குப் போனது? அவர்கள் தந்த தாளில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

இன்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் கடைக்குப் போனேன். ஆடியோகிராமை மேஜையில் வைத்தேன். மேனேஜர் என்று சொல்லிக்கொண்டவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. முகாமில் விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை, கம்பெனி பாலிசி என்றார். 6,480 பற்றிக் கேட்டதற்கு, “அது ஆடிட்டர் பாக்குற விஷயம்மா.” நான் குரலை உயர்த்தியதும், “பெரியவருக்கு மூளை ஏத்துக்கல, அதுக்கு மிஷின் என்ன பண்ணும்?” என்றார். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காது கேட்காதவர்தானே என்ற தைரியம். வெளியே வந்ததும் அப்பா, “என்னம்மா சொல்றான்?” என்று கேட்டார். “பேட்டரி ஸ்டாக் இல்லையாம்ப்பா” என்றேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை. கை நடுங்குகிறது. ஞாபகம் வருவதைச் சொல்கிறேன். காதுக்குள் பார்க்காமல் மிஷின் விற்கிறவனிடம் வாங்காதீர்கள். ஆடியோகிராம் தாளைக் கையில் கேட்டு வாங்குங்கள். டெஸ்ட் எடுக்கிறவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாலு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவாயா என்று கேளுங்கள். மிஷினின் சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும். தகுதி இருந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் இலவசமாகவே கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அலைய வேண்டியிருக்கும், அலையுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம். நான் சொல்லியாயிற்று. முதியவர்களுக்கென்று 14567 என்றும் ஓர் எண் இருக்கிறது.

அப்புறம் ஒரு உதவி. அன்று மண்டபத்தில் எங்களுக்கு அடுத்த டோக்கன், 32, ஒரு பாட்டி. பேரனோடு வந்திருந்தார்கள். மஞ்சள் பை, காலில் கட்டு. நாங்கள் கிளம்பும்போது அவர்களுக்கு இரண்டு காதுக்கும் எழுதிக்கொண்டிருந்தான். அந்தப் பேரனோ, அவனைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கு நான் போகப்போகிறேன். அந்த ‘எஸ்டிமேட்’ தாளை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.