நான்கு வருடம் ரிசர்வில், ஆறு வருடம் கால் டேங்க்கில்: என் கார் சொன்ன வித்தியாசம்

பத்து வருடமாக ஒரே காரைத்தான் ஓட்டுகிறேன். பெட்ரோல் வண்டி, 35 லிட்டர் டேங்க். இதுவரை 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் நான்கு வருடம் இந்த வண்டி பெரும்பாலும் ரிசர்வில்தான் ஓடியது. மஞ்சள் விளக்கு எரியும், அதற்குப் பிறகும் ஒரு நாள் ஓட்டுவேன், பத்து லிட்டர் போடுவேன், நாலாம் நாள் மறுபடியும் விளக்கு எரியும். டேங்க் நிறைய இருந்தால் வண்டி கனக்கும், மைலேஜ் குறையும் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. டேங்க்கில் 30 லிட்டர் குறைவாக இருந்தால் வண்டியில் 22 கிலோ குறையும். ஒரு டன் எடையுள்ள காருக்கு அது நூற்றில் இரண்டு பங்கு. பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. முதல் நான்கு வருடக் கணக்கையும் பிந்தைய ஆறு வருடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மைலேஜில் வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. டயரில் காற்று குறைந்த மாதங்களில்தான் மைலேஜ் இறங்கியிருக்கிறது.

சரி, பெட்ரோல் குறைவாக வைத்து ஓட்டியதால் வண்டிக்கு என்ன ஆனது?

முதலில் மாறியது சத்தம். சாவியைத் திருப்பியதும், செல்ஃப் அடிக்கும் முன்பே, பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் வரும். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. புது வண்டியில் காது கொடுத்தால்தான் கேட்கும். மூன்றாம் வருடக் கடைசியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும்போதே கேட்க ஆரம்பித்தது. நான் கவனித்த ஒரு விஷயம்: எப்போதாவது டேங்க்கை நிரப்பினால் சத்தம் அமுங்கிவிடும், முள் கீழே இறங்க இறங்க மறுபடி ஏறும். அன்றைக்கு அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இன்று இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

அடுத்தது ஒரு மலைப்பாதையில் நடந்தது. விளக்கு எரிந்து முப்பது கிலோமீட்டர் ஆகியிருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பும்போது வண்டி திடீரென்று திக்கியது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன், இழுவை இல்லை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. சமமான சாலைக்கு வந்ததும் எதுவும் நடக்காததுபோல் ஓடியது. டேங்க்கில் நாலைந்து லிட்டர் மட்டும் இருக்கும்போது ஏற்றமும் திருப்பமும் சேர்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். அந்தச் சில விநாடிகள் இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

62,000 கிலோமீட்டரில் ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பின் சீட்டுக்கு அடியில் மட்டும் நிசப்தம். கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டேன். பம்ப் போய்விட்டது என்றார். புதியதைப் பொருத்திவிட்டு, காய்ந்துபோன பழைய பம்பின் உறையை அறுத்துப் பிரித்து என்னிடம் காட்டினார். மோட்டாருக்குள் இருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று கிட்டத்தட்ட இல்லை, அடிக்கட்டை மட்டும் மிச்சம். பிரஷ் உரசும் செப்புப் பட்டைகள் கறுத்து, விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தன. சூட்டில் உலோகத்துக்கு வரும் நிறம் அது. “எப்பவும் ரிசர்வ்லதான் ஓட்டுவீங்களா சார்?” என்று கேட்டார். நான் எதுவும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பம்புக்குத் தனியாக ஃபேன் எதுவும் கிடையாது. அது பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கிறது. அது தள்ளும் பெட்ரோலே மோட்டாருக்குள் நுழைந்து வெளியேறுகிறது. அதுதான் சூட்டைத் தணிக்கிறது, உராய்வைக் குறைக்கும் மசகு எண்ணெயும் அதுதான். மின்சார மோட்டார் பெட்ரோலுக்குள் ஓடினால் தீப்பிடிக்காதா என்று பலர் கேட்பார்கள். எரிய வேண்டுமானால் போதுமான காற்று வேண்டும், அது உள்ளே இல்லை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. இன்றைய வண்டிகளில் பம்ப் டேங்க்கின் அடியில் வெறுமனே நிற்பதில்லை. ஒரு சின்ன வாளிபோன்ற கிண்ணத்துக்குள் இருக்கிறது. டேங்க்கில் மட்டம் குறைந்தாலும் கிண்ணத்தில் பெட்ரோல் தேங்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் விளக்கு எரிந்த அன்றே பம்ப் கருகிவிடாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என் வண்டியில் இன்ஜின் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் பெட்ரோல் டேங்க்குக்கே திரும்புகிறது. 30 லிட்டர் இருந்தால் பம்பின் சூடு அத்தனையிலும் பரவித் தணியும். நாலு லிட்டர்தான் இருக்கிறது என்றால் அதே பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து சூடேறிக்கொண்டே போகும். நெரிசலில் நின்று நின்று போகும் வெயில் நாட்களில் இது இன்னும் மோசம். ஒரு நாளில் தெரியாது, நான்கு வருடத்தில் தெரிந்தது.

டேங்க் அடியில் படிந்த கசடை பம்ப் உறிஞ்சிவிடும் என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். அது பாதிதான் சரி. டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆனால் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது அது அதிகம் அலம்பும், அடியில் கிடப்பது கலங்கும். என் பழைய பம்பின் வாயில் இருந்த ஸ்ட்ரெய்னர் வலை செம்பழுப்பாக, பாதி அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்த வலை வழியாக இழுக்க பம்ப் கூடுதலாகத் திணறும். ஆகவே பம்ப் போனதற்கு ரிசர்வ் ஓட்டம் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நீலம் பாய்ந்த செம்பைப் பார்த்த பிறகு முக்கியமான காரணம் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டேங்க் காலியாக இருந்தால் உள்ளே ஈரக்காற்று நிறைந்து, குளிரும்போது நீர் கோர்க்கும் என்பதும் உண்மை. தினமும் ஓடும் வண்டியில் இது பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும், அதிலும் இரும்பு டேங்க் உள்ள பழைய வண்டி என்றால் துருவும் பிடிக்கும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். என் தம்பியின் வண்டி ஒருமுறை சுத்தமாக வறண்டு நின்றுவிட்டது. டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை, லைனில் ஏர் பிடித்திருந்தது. கை பம்பை அழுத்தி அழுத்தி ஏரை வெளியேற்றிய பிறகே உயிர் வந்தது. நல்லவேளை, அவனுக்குச் செலவு அதோடு முடிந்தது. காமன் ரெயில் வண்டிகளில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டிகளில், உயர் அழுத்த பம்ப் 1,600 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேலும் அழுத்தம் ஏற்றக்கூடியது. அதற்கு மசகே டீசல்தான். வறண்டு உராய்ந்தால் உலோகத் தூள் உதிர்ந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும். அப்புறம் ஒரு பாகத்தை மாற்றினால் போதாது, வரிசையாக மாற்ற வேண்டி வரும்.

பெட்ரோல் வண்டியிலும் எரிபொருள் விட்டுவிட்டு வந்து மிஸ்ஸிங் ஆனால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் உள்கூடு அந்தச் சூட்டில் உருகலாம். ஓட்டத்தில் இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் திருப்பக் கனமாகிவிடலாம். பிரேக்கும் ஓரிரு மிதிக்குத்தான் பழையபடி பிடிக்கும், பிறகு கட்டையாகிவிடும். வேகமான சாலையில் இது பம்பைவிடப் பெரிய ஆபத்து.

மீட்டரில் காட்டும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சற்று முன் ஓடிய ஓட்டத்தை வைத்து அது கணக்குப் போடுகிறது. என் வண்டியில் 70 என்று காட்டியது, ஏற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 40 ஆனதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்ததும் போய் நிரப்பிய நாட்களில், பைப் தானாக நிற்கும்வரை 29, 30 லிட்டர் பிடித்ததாக நோட்டில் இருக்கிறது. அதாவது விளக்கு எரியும்போது என் வண்டியில் சுமார் ஐந்து லிட்டர் மிச்சம். உங்கள் வண்டிக்கு இது வேறாக இருக்கும், ஒருமுறை குறித்து வையுங்கள்.

புது பம்ப் போட்ட பிறகு முள் கால் பாகத்தைத் தொட்டதும் பங்க்குக்குத் திருப்பிவிடுகிறேன். நீண்ட பயணத்திலும் மலை ஏறும்போதும் அரை டேங்க். எப்போதும் அரைக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வது தேவையில்லை என்பது என் அபிப்ராயம். முழுதாக நிரப்பும் நாளில் பைப் தானாக நின்ற பிறகு வற்புறுத்தி ஊற்றச் சொல்வதும் இல்லை; ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோல் இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது பம்ப் இப்போது 86,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முதல் பம்ப் செத்ததைவிட 24,000 அதிகம். ரீங்காரம் இன்னும் அதே மெல்லிய அளவில்தான் இருக்கிறது, முள் எங்கே இருந்தாலும் மாறுவதில்லை. உங்கள் வண்டியில் பெட்ரோல் குறையக் குறைய அந்தச் சத்தம் ஏறினால், நான் விட்டதுபோல் ஒரு வருடம் விட்டுவிடாதீர்கள். மெக்கானிக்கிடம் போய் ஃப்யூவல் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்ட்ரெய்னரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.