விந்திலா, இரத்தத்திலா: மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எங்கே தேடுவது?

போன போயா தினத்தன்று சித்தியின் மகன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கல்யாணமாகி மூன்று வருடம். மடித்த ரிப்போட் ஒன்றை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான். என் மனைவி தேத்தண்ணியோடு வந்துவிடுவாளோ என்ற பயம். விந்துப் பரிசோதனை ரிப்போட், எண்ணிக்கை என்ற இடத்தில் பூச்சியம்.

"அண்ணா, விந்தில மைக்ரோ ஆர்.என்.ஏ. பாக்கலாமாம். பிள்ளை பிறக்குமா எண்டும் தெரியுமாம், விதையில கேன்சர் இருக்கா எண்டும் தெரியுமாம். வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்வமோ?"

பல வருடம் லாப்பில் வேலை செய்தவன் நான். ஒரே குப்பியில் இரண்டு விடை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனால் அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பாதி சரி, மற்றப் பாதி, சரியான மூலக்கூறைப் பிழையான திரவத்தில் தேடுகிற கதை.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டு. புரதம் எதையும் உண்டாக்காது. எந்த மரபணுவின் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளும். 1993இல் ஒரு சின்னப் புழுவில் முதலில் தெரியவந்தது. அதற்காக அம்புரோசுக்கும் ருவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் திரவங்களில் இவற்றில் ஒரு பகுதி எக்ஸோசோம் என்ற நுண்பைகளுக்குள் பத்திரமாக இருப்பதால் எளிதில் சிதையாது. பரிசோதனைக்கு இவை பொருந்துவது அதனால்தான்.

முதலில் பிள்ளைப் பாக்கியத்துக்கு வருவோம். வழமையான விந்துப் பரிசோதனை மலிவு, எங்கும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ் எல்லை மில்லிலீட்டருக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த அசைவு 42 சதவீதம். எண்ணிக்கை குறைவா, அசைவு குறைவா என்பதை அது நன்றாகவே சொல்லும். பூச்சியம் வந்தால்தான் வாயை மூடிக்கொள்ளும். விதை என்ற தொழிற்சாலை நின்றுவிட்டதா, இல்லை விந்தணு வெளியே வரும் வாசல் அடைபட்டிருக்கிறதா? இரண்டுக்கும் ரிப்போட்டில் ஒரே பூச்சியம்தான். அடைப்பென்றால் ஊசியாலேயே விந்தணு எடுக்கலாம். தொழிற்சாலைக் கோளாறென்றால் விதையைத் திறந்து நுணுக்குக்காட்டியின் கீழ் தேட வேண்டும். அப்படித் தேடியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப மூன்று போட்டியாளர்கள். பழையவர் எஃப்.எஸ்.எச்., விந்தணு உற்பத்தியைத் தூண்டுகிற ஹோர்மோன். இரத்தத்தில் அது மில்லிலீட்டருக்கு 7.6 மில்லி அலகைத் தாண்டி, விதையின் நீளமும் 4.6 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் பெரும்பாலும் தொழிற்சாலைக் கோளாறு. இடையில் நிற்பவர்களுக்கு இது உதவாது. இரண்டாவது, விந்துத் திரவத்திலுள்ள டெக்ஸ்101, ஈ.சி.எம்.1 என்ற புரதங்கள். 2013இல் டொரொன்டோ ஆய்வாளர்கள் வெளியிட்டது, யோசனை அழகானது. மூன்றாவதுதான் தம்பியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. 2018இல் பார்சலோனா குழுவொன்று, விந்தின் எக்ஸோசோமில் உள்ள மிர்-31-5பி என்ற துண்டு அடைப்பையும் தொழிற்சாலைக் கோளாறையும் 90 சதவீதத்துக்கு மேலான துல்லியத்தோடு பிரிக்கிறது என்று காட்டியது. உள்ளே விந்தணு மிஞ்சியிருக்கிறதா என்று சொல்லக்கூடிய வேறு இரண்டு துண்டுகளையும் குறித்தது. விந்தின் பெரும்பகுதி, பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அந்தச் சுக்கிலப் புடகத்திலிருந்தும் புரோஸ்டேட்டிலிருந்தும் வருவது. விதையும் விதைமேற்றிணிவும் சேர்ந்து தருவது சிறு பங்குதான். வாசல் அடைபட்டால் அந்தப் பங்கு நின்றுவிடும், அதோடு வரும் துண்டுகளின் கணக்கும் மாறும். தர்க்கம் சுத்தமானது. இந்தப் போட்டியில் என் வாக்கு இதற்குத்தான். ஆனால் அந்த ஆய்வில் பார்த்த ஆட்கள் கொஞ்சம் பேர். ஒரு லாப்பின் அளவு இன்னொரு லாப்பின் அளவோடு ஒத்துப்போக வேண்டிய வேலையும் பாக்கி.

புற்றுநோயில் கதை தலைகீழ். இன்று டொக்டர்மார் பார்க்கும் புற்றுநோய் அடையாளப் பொருட்களான ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். மூன்றும் இரத்தத்தில் பார்ப்பவை. விதைப் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும் பகுதியினருக்கு இவை ஏறுவதே இல்லை. செமினோமா என்ற வகை விதைப் புற்றுநோய் மட்டும் இருந்தால் ஏ.எஃப்.பி. ஏறவே ஏறாது. எதிரே நிற்பது மிர்-371ஏ-3பி. கருவின் ஆரம்ப நாட்களில் வேலை செய்கிற துண்டு அது. இந்தப் புற்றுநோய்க் கலங்களும் அந்தக் குணத்தை விடுவதில்லை. 2019இல் வெளியான ஜெர்மன் தலைமையிலான ஆய்வில் 616 நோயாளிகளின் இரத்தத்தில் பார்த்தபோது உணர்திறன் (நோயுள்ளவரைப் பிடிப்பது) 90.1 சதவீதம், குறிப்புத்திறன் (நோயில்லாதவரைச் சரியாக விடுவிப்பது) 94 சதவீதம். கட்டியை எடுத்தால் ஒரு நாளுக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிடும், ஏ.எஃப்.பி.க்கு ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும். குறை ஒன்று உண்டு: டெரடோமா என்ற இன்னொரு வகைக் கட்டி இதன் கண்ணுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் பழைய மூன்றை இது தோற்கடித்துவிட்டது என்றே சொல்வேன், இன்னும் வழமையான பரிசோதனையாக ஆகாவிட்டாலும்.

சரி, இரத்தத்திலேயே இவ்வளவு வேலை செய்கிறது என்றால், விதைக்கு இன்னும் கிட்டவுள்ள விந்தில் இன்னும் நன்றாகத் தெரியாதா? ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பார்த்தால், நோயில்லாத ஆண்களின் விந்திலும் அதே மிர்-371ஏ-3பி நிறைய. விந்தணு கூடக் கூட அதுவும் கூடுகிறது. அதாவது விந்தில் அது சொல்வது விந்தணு எண்ணிக்கையை. அதைத்தான் மலிவான பரிசோதனை ஏற்கெனவே சொல்லிவிட்டதே. கொட்டாஞ்சேனைத் தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள் வெள்ளை வேட்டிக்காரனைத் தேடுகிற மாதிரி.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "டொக்டர் கையால தொட்டுப் பாத்தவரோ?" என்று கேட்டேன். டொக்டரிடமே போகவில்லையாம், நேரே லாப்புக்குப் போய்க் குப்பியைக் கொடுத்திருக்கிறான். மாதிரியைச் சுழற்றி, அடியில் படிந்ததிலும் தேடினார்களா என்பதும் ரிப்போட்டில் இல்லை. அளவு மட்டும் 3 மில்லிலீட்டர் என்று இருந்தது. அது நல்லது, சுக்கிலப் புடகத்தின் பக்கம் பாதை திறந்திருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: முதலில் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர், எஃப்.எஸ்.எச்., விதைக்கு ஒரு ஸ்கேன், இரண்டாவது மாதிரி. பூச்சியம் வந்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. அதனால் அந்த ஸ்கேன் அவனுடைய இரண்டாவது கேள்விக்கும் சேர்த்துத்தான்.

"அப்ப வெளிநாட்டுக்கு?"

"இதெல்லாம் பாத்தும் அடைப்பா இல்லையா எண்டு தெரியாட்டி அப்ப யோசிப்பம்."

ரிப்போட்டை நிமிர்த்தி வைத்தான். சுவரில் தொங்கிய கலண்டரில் அடுத்த மாதிரிக்கு நாள் எண்ணத் தொடங்கினான். இரண்டு நாளுக்குக் குறையக்கூடாது, ஏழு நாளுக்கு மேல் போகவும் கூடாது என்றேன்.