மைனஸ் 20-இல் ஸ்கேனர்: குளிரைவிடக் கதவுதான் தொல்லை

தூத்துக்குடியில் ஒரு இறால் ஏற்றுமதி நிறுவனத்தின் கோல்டு ஸ்டோரேஜில் சரக்கு இருப்பு பார்ப்பது என் வேலை. பெட்டிக்குப் பெட்டி பார்கோடு உண்டு. அறைக்குள் அடுக்கும்போது ஒரு ஸ்கேன், கன்டெய்னரில் ஏற்றும்போது இன்னொன்று. உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பதால் அறையை மைனஸ் 20-இல் வைத்திருப்போம். சாதாரண ஆண்ட்ராய்டு போன், அடிபட்டாலும் தாங்கும் ரக்டு வகைக் கையடக்க ஸ்கேனர், ஹீட்டர் வைத்த ஃப்ரீசர் மாடல் என்று மூன்றையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் போன். ஐபோனுக்கே 0 முதல் 35 டிகிரி வரைதான் பயன்பாட்டு வரம்பு என்று ஆப்பிள் சொல்கிறது. மைனஸ் 20-இல் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடிவிடும். கேமராவும் ஃபிளாஷும் சேர்ந்து மின்சாரத்தை இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும், போன் பேட்டரி தீர்ந்தது என்று நினைத்து அணைந்துவிடும். திரையில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். வெளியே கொண்டுவந்து சூடு ஏறியதும் அந்தச் சார்ஜ் பெரும்பாலும் திரும்பிவிடும். இதைப் பார்த்துப் போன் போய்விட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம்.

எங்கள் ஸ்கேனர்கள் நிஜமாகக் கெட்டது உள்ளே இருந்தபோது அல்ல. லோடிங் ஆட்கள் அடிக்கடி சொல்வது: "அண்ணாச்சி, மிஷினு உள்ள நல்லாத்தான் இருந்துச்சு, வெளிய வந்ததும் ஸ்கிரீன் தன்னால ஓடுது." காரணம் எங்கள் ஊர்க் காற்று. வெளியே 33 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், 28 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மீதும் நீர் படியும். மைனஸில் கிடந்த ஸ்கேனர் நிமிடத்தில் நனைந்துவிடுகிறது. அந்த நீரோடு திரும்ப உள்ளே போனால் ஸ்கேன் ஜன்னலில் பனியாக ஒட்டிக்கொள்ளும்; லேசர் எதையும் படிக்காது. ஐபி67 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அது தூசியும் தண்ணீரும் வெளியிலிருந்து புகாததற்கான சோதனை. சீல் சற்றுத் தளர்ந்து உள்ளே போன ஈரக்காற்று, உள்ளேயே குளிர்ந்து நீராவதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. நாங்கள் முதலில் வாங்கிய ரக்டு செட்டில் பாதி, சார்ஜிங் பின்கள் பச்சை பிடித்துத்தான் மூலைக்குப் போனது.

எங்களுக்குச் சரிப்பட்ட வழி பைசா செலவில்லாதது. குளிர்அறைக்கும் வெளிக்கும் நடுவில் இருக்கும் முன்னறையான ஆண்டி ரூமிலேயே ஸ்கேனர்களைத் தங்க வைத்துவிட்டோம். அங்கே 5 டிகிரி, காற்றும் உலர்ந்தது. ஷிஃப்ட் முடியும்வரை மிஷின் வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை, பேட்டரி மட்டும்தான் வந்து போகும். கட்டாயம் வெளியே எடுக்க வேண்டியிருந்தால், உள்ளே இருக்கும்போதே ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூட வேண்டும். வெளியே வந்து மூடினால் பயனில்லை. ஈரம் கவரின் மேல் படியட்டும், சூடு ஏறும்வரை பிரிக்கக்கூடாது. பிரிக்க அவசரப்படுகிறவர்களோடு எனக்குத் தினமும் சண்டை.

ஜாக்கெட்டின் உள்பையில் வைக்கச் சொல்வார்கள். போன் சூடாக இருக்கும்போதே வைத்தால் நல்லது. குளிர்ந்த போனை வியர்த்த உடம்போடு வைத்தால் அங்கேயும் நனையும். இரும்புத்தூள் ஹீட் பேடையும் கவருக்குள் போட்டுப் பார்த்தோம். அதற்கு வேலை செய்யக் காற்று வேண்டும், மூடிய கவரில் சீக்கிரமே ஆறிவிட்டது.

சார்ஜ் விஷயத்தில் மட்டும் நான் கறார். குளிர்ந்த பேட்டரியை நேராகச் சார்ஜரில் போடவே கூடாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், போன கொள்ளளவு திரும்பி வராது. நல்ல மிஷின்கள் தாமாகவே மறுத்துவிடும், மலிவான சார்ஜர்களை நம்ப முடியாது. எங்கள் சார்ஜர்கள் ஏசி ஆபீஸில் இருக்கின்றன, பேட்டரி அங்கே ஒரு மணி நேரம் சும்மா கிடந்த பிறகே சொருகுவோம்.

ஃப்ரீசர் மாடல் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு: ஸீப்ரா எம்சி9300, ஹனிவெல் சிகே65 இரண்டிலும் மைனஸ் 30 வரை தாங்கும் பதிப்பு உண்டு. ஹீட்டர் இருப்பதால் ஸ்கேன் ஜன்னலில் பனி பிடிக்காது. எங்களிடம் இருக்கும் ஃப்ரீசர் மாடலில் பிசிக்கல் கீபேடு இருப்பது தடிமனான கையுறைக்குப் பெரிய வரம். ஆனால் ஹீட்டரும் பேட்டரியைத்தான் தின்கிறது, கூடுதல் பேட்டரி இல்லாமல் ஷிஃப்ட் ஓடாது. விலையும் கணிசம். ஆட்கள் உள்ளேயே நின்று ஸ்டாக் எடுக்கும் இடத்துக்கு அது நியாயமான செலவு. போய்ப் போய் வரும் லோடிங்குக்கு ஆண்டி ரூமும் சாதாரண ரக்டும் போதும். நாங்கள் ஸ்டாக் டீமுக்கு மட்டும் ஃப்ரீசர் மாடல் கொடுத்திருக்கிறோம்.

ஒன்று விட்டுப்போயிற்று, லேபிள். பனி படிந்த பெட்டியில் சாதாரணப் பசை ஒட்டாது, எந்த ஸ்கேனர் வாங்கினாலும் கீழே விழுந்த பார்கோடைப் படிக்க முடியாது. ஃப்ரீசர் கிரேடு லேபிளாகக் கேட்டு வாங்கி, பெட்டி குளிர்அறைக்குள் போகும் முன்பே ஒட்டிவிடுங்கள்.