சித்திக்கும் சேர்த்து எடுத்த ஸ்கேன்

தம்பி கல்யாணத்துக்காகத் தை மாதம் டொரன்டோவிலிருந்து மூன்று வார லீவில் குரோம்பேட்டை வந்திருந்தேன். எனக்கு வயது 34. பீரியட்ஸ் நின்று ஏழு மாதமாகியிருந்தது. கல்யாண வீட்டில் அத்தையிடம் அதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நாள் தள்ளிப் போயிருக்கா? விசேஷமா கண்ணு?" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். இல்லை என்று சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை.

டொரன்டோவில் குடும்ப டாக்டர் வேலை டென்ஷன் என்றார். பெண்கள் நல மருத்துவரைப் பார்க்க ஐந்து மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. டிசம்பர்க் குளிரில் நள்ளிரவில் நைட்டி நனைய வியர்த்து எழுந்து, ஜன்னலைத் திறந்து பனிக்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அதையும் டென்ஷன் என்றே நம்பினேன்.

சென்னையில் டெஸ்ட் எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் இரவு போனில் பதிவு செய்தேன். காலை ஆறரைக்கு ஒரு பையன் பைக்கில் வந்து, "கையை நீட்டுங்கக்கா" என்று கூடத்திலேயே ரத்தம் எடுத்துப் போனான். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடியால், புரோலாக்டின், தைராய்டு, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய். மாலையே ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. எஃப்.எஸ்.எச். 71.

அந்தத் தாளோடு மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனேன். இங்கேதான் மனசு நொந்தது. டாக்டர் நான்கு நிமிடம் பேசினார். அடுத்த அறையில் ஒரு பெண் தானக் கருமுட்டை சிகிச்சைக்கான கட்டண அட்டையை என் முன் வைத்து, ஊருக்குத் திரும்புவதற்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார். எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டேன். "உங்க முட்டை தீர்ந்துபோச்சு மேடம்." அவ்வளவுதான். ராத்திரி வியர்வையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எலும்பு என்ற சொல்லே அங்கே எழவில்லை.

அம்மாவின் தோழி ஒருவர் சொல்லி, அம்மாவோடு மின்சார ரயில் பிடித்துக் கோடம்பாக்கத்தில் இன்னொரு டாக்டரைப் பார்த்தேன். வீட்டின் முன்னறைதான் கிளினிக். டாக்டருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா? சினைப்பையில் ஆபரேஷன், கீமோ ஏதாவது நடந்ததா? முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறேனா? சில லேப் முறைகளில் பயோட்டின் எஃப்.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டிவிடுமாம். முதலில் கர்ப்பம் இல்லை என்று சிறுநீர் டெஸ்டில் உறுதி செய்துகொண்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். நாற்பது வயதுக்குள் சினைப்பை சோர்ந்துபோவது இது. நூறில் ஒருவருக்கு என்று பல வருடமாகச் சொல்லி வந்தார்கள், இப்போது 3.5 சதவீதம் என்கிறார்கள். பீரியட்ஸ் நான்கு மாதமாவது தப்பியிருந்து, எஃப்.எஸ்.எச். 25-ஐத் தாண்டினால் இதுதான். முன்பெல்லாம் நான்கு வாரம் விட்டு இன்னொரு முறை ரத்தம் எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் ஒரு டெஸ்டே போதும், சந்தேகம் இருந்தால் மட்டும் மறுபடி. மூன்று வார லீவில் வந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஏ.எம்.எச்.-ஐ மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

"மெனோபாஸ்னு சொல்லிக்காதீங்கம்மா. சினைப்பை திடீர்னு ஒரு மாசம் முழிச்சுக்கும். நூத்துல அஞ்சு பேருக்குத் தானாவே தரிச்சிருக்கு."

அந்த நாற்காலியில்தான் ஏழு மாதத்தில் முதல் முறையாக அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தானக் கருமுட்டை பற்றியும் அவரே எடுத்தார். இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு ஐம்பது வரை வயது உண்டு. "அதை நீங்களும் உங்க வீட்டுக்காரரும் நிதானமா யோசிங்க. சினைப்பை சுரக்கற எஸ்ட்ரோஜன் குறைஞ்சா எலும்பு தேய ஆரம்பிச்சுடும். எலும்புதான் காத்திருக்காது."

மறுநாள் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன். படுத்துக்கொள்ள வேண்டியதுதான், பத்து நிமிடம். முதுகெலும்பின் இசட் ஸ்கோர் மைனஸ் 1.9. என் வயதுப் பெண்களோடு ஒப்பிட்டே அது குறைவு. குரோமோசோம் பரிசோதனைக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறுக்கும் தைராய்டு, அட்ரினல் எதிர்ப்புப் பொருட்களுக்கும் ரத்தம் கொடுத்தேன். அவை நான் திரும்பிய பிறகு மெயிலில் வந்தன, எதிலும் கோளாறு இல்லை. பெரும்பாலோருக்குக் காரணம் பிடிபடாது என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

மருந்துச் சீட்டில் தினமும் தடவும் எஸ்ட்ராடியால் ஜெல்லும், மாதத்தில் 12 இரவு போடும் புரோஜெஸ்டிரான் கேப்ஸ்யூலும். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு எஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் உள்சவ்வு தடித்துவிடும், அதற்காகத்தான் இரண்டாவது. அம்மாவுக்கு ஒரே பயம். "ஹார்மோன் மாத்திரை கேன்சர்ல கொண்டு விடும்பாங்களே டாக்டர்?" 2002-இல் உலகத்தையே பயமுறுத்திய அந்த அமெரிக்க ஆய்வு 50 முதல் 79 வயதுப் பெண்களிடம் நடந்தது என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். "உங்க பொண்ணுக்கு நான் கூடுதலா எதுவும் கொடுக்கலைம்மா. இந்த வயசுல உடம்பே சுரக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கறேன். ஐம்பது வயசு வரைக்கும் நிறுத்தாம போடணும். எலும்புக்கும் இதயத்துக்கும் அதுதான் காப்பு." இது கருத்தடை ஆகாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

கடைசியாகக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது சீக்கிரமே நின்னிருக்கா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் தங்கச்சிக்கு. முப்பத்தேழுலயே தலைக்குக் குளிக்கறது நின்னுடுச்சு. ஒரு தொல்லை விட்டதுன்னு சந்தோஷமா இருந்துட்டா."

எனக்கு இது தெரியவே தெரியாது. சித்தி ஐந்து வருடம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தது மட்டும் தெரியும். ஈரத் தரை என்றோம், பழைய செருப்பு என்றோம். நின்றுபோன இருபது வருடத்தையும் உடைந்த எலும்பையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எலும்பு ஆபரேஷன் செய்த இடத்திலும் அதைக் கேட்கவில்லை.

ஊர் திரும்ப ஆறு நாள் இருந்தது. சித்தியை ஆட்டோவில் ஏற்றி அதே ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். எனக்குத் துணையாக வருவதாக நினைத்துத்தான் கிளம்பி வந்தாள். கவுன்டரில் "பேஷன்ட் பேர் சொல்லுங்க" என்றதும் என் பெயரைச் சொன்னாள். "உனக்குத்தான் சித்தி" என்றேன். 61 வயதில் அவளுக்கு, இளம் வயது எலும்போடு ஒப்பிடும் டி ஸ்கோர் மைனஸ் 3.2. எலும்பு ரொம்பவே தேய்ந்திருந்தது.

அவளுக்கு இப்போது ஜெல் இல்லை, அந்த வயது தாண்டிவிட்டது. கிட்னி, கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றும் எலும்புத் தேய்மான மருந்தான ஜோலெட்ரானிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார்கள். என் ஃபிளைட்டுக்கு முந்தின நாள் முதல் டோஸ் ஏறியது. அன்றிரவு லேசான காய்ச்சல், பாராசிட்டமாலில் சரியாகிவிட்டது. அடுத்தது வரும் தையில். ஃபைல் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் பெரிதாக எழுதி, அரிசி டின்னுக்கு மேலே வைத்திருக்கிறாள்.