லினக்ஸ் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறதா? நோமோட்செட், நூவோ.மோட்செட்=0, ஏசிபிஐ=ஆஃப்: எதை முதலில் போடுவது?

என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் உபுண்டு யூஎஸ்பி லோகோவோடு நின்றுவிட்டால், முதல் சந்தேகம் லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும் நூவோ (என்விடியா கார்டுக்கான திறந்த மூல டிரைவர்) மேல்தான். புது சிப்களில் இது அடிக்கடி தொங்கும். கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் கெர்னல் ஓடுகிறது, திரைதான் போயிருக்கிறது. விளக்கு மாறாவிட்டால் கணினியே உறைந்திருக்கலாம். அதற்கும் நூவோ காரணமாக இருக்க வாய்ப்புண்டு.

தலைப்பில் உள்ள மூன்றும் பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அளவுருக்கள். மூன்றையும் போடும் இடம் ஒன்றே. பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'இ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்து, அங்கே எழுதி எஃப்10 அழுத்துங்கள். கொயட் போனதும், எந்த வரியில் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எல்லாரும் சொல்வது நோமோட்செட். உபுண்டு மெனுவின் 'சேஃப் கிராஃபிக்ஸ்' செய்வதும் இதைத்தான். ஆனால் இது என்விடியாவோடு சேர்த்து இன்டெல், ஏஎம்டி டிரைவர்களையும் முடக்கிவிடும். ரெசல்யூஷன் மாற்ற முடியாது, பிரைட்னஸ் விசை வேலை செய்யாது, டெஸ்க்டாப்பை வரையும் சுமை முழுக்க சிபியு தலையில். இன்ஸ்டாலை முடிக்க இது போதும், தினசரிப் புழக்கத்துக்கு ஆகாது.

இன்டெல், என்விடியா என இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்புக்கு என் ஓட்டு நூவோ.மோட்செட்=0. என்விடியா மட்டும் ஒதுங்கும். திரை இன்டெல் வழியே முழுத் தெளிவில் வரும். பயாஸில் 'டிஸ்கிரீட் மட்டும்' (என்விடியா மட்டும்) என்று வைத்திருந்தால் பலன் இல்லை, ஹைப்ரிடுக்கு (இரண்டும்) மாற்றிவிட்டு வாருங்கள். ஒரே ஒரு என்விடியா கார்டுள்ள டெஸ்க்டாப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஏசிபிஐ=ஆஃப் கடைசி வழி. இது மின்சாரத்தையும் வன்பொருளையும் நிர்வகிக்கும் ஏசிபிஐ ஏற்பாட்டையே அணைத்துவிடும். பேட்டரி அளவு, தானாக பவர் ஆஃப் ஆவது எல்லாம் போகும்; பல லேப்டாப்களில் டச்பேடும் சேர்ந்து போகும்.

இன்ஸ்டால் முடிந்து முதல் பூட்டிலும் அதே தொங்கல் வரலாம். அதே அளவுருவை மறுபடி போட்டு உள்ளே போய், டெர்மினலில் 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' கொடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட்டில் ஏற்றும் பயாஸ் பாதுகாப்பு) இயங்கினால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்து அதையே கொடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. டிரைவர் ஏறியதும் கிரப் கட்டமைப்புக் கோப்பில் நோமோட்செட் தங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழித்து, 'சுடோ அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர் எழாது.