தூர்தர்ஷனை விற்பதா, வைத்திருப்பதா, விடுவிப்பதா?

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், "தூர்தர்ஷனை இப்போது யார் அண்ணா பார்க்கிறார்கள்? விற்றுவிட்டு அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று கேட்டார். அதே வாரம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டு வீட்டின் கூரையோரம் ஒரு டிஷ். மாதச் சந்தா கிடையாது. வாங்கும்போது சுமார் 2,000 ரூபாய் கொடுத்ததோடு சரி. தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பொது நிறுவனமான பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் அது. நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கூரையில் இருக்கிறது. மீதிப் பாதி சிக்கலானது.

விற்கச் சொல்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரசார் பாரதி ஊழியர்களின் சம்பளம் மத்திய அரசின் மானியத்தில் ஓடுகிறது. கட்டமைப்புக்கென்று 2023 ஜனவரியில் 2,539 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கும் ஒப்புதல் தரப்பட்டது. 1993இல் சன் டிவி வந்ததிலிருந்தே தமிழ் வீடுகள் தனியார் சேனல்களின் பக்கம் போய்விட்டன. தனியார் என்றாலே தரம் கெட்டது என்று சொல்லச் சேலத்துக்காரர்களுக்கு வாய் வராது. 1930களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், இந்த ஊரில் இருந்துகொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. தொழில் நடந்தவரை நடந்தது, முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. படப்பிடிப்புக் கூடத்துக்கு அது இயல்பு. மலைமேல் இருக்கும் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகிற ஒளிபரப்புக்கும் அதே விதியை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

உருக்காலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2019இல் சேலம் உருக்காலையை விற்க மத்திய அரசு முனைந்தபோது, தனியாருக்குத் தாரைவார்க்காதே என்று தொழிலாளர்கள் போராடினார்கள். நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஆலை கைமாறினாலும் எவர்சில்வர் தகடு எவர்சில்வர் தகடாகவே இருக்கும். ஒளிபரப்பில் உரிமையாளர் மாறினால் சரக்கே மாறிவிடும். பிரான்ஸ் இதற்குச் சாட்சி. அந்நாட்டின் முதல் சேனலான டிஎஃப்1, 1987இல் விற்கப்பட்டது. கட்டுமானத் தொழிலில் பெரும்புள்ளியான புய்க் குழுமத்தின் தலைமையில் வந்தவர்கள் பாதிப் பங்கை 300 கோடி பிராங்குக்கு வாங்கினார்கள். பண்பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றி அப்போது நிறைய வாக்குறுதிகள் தரப்பட்டன. பார்வையாளர் எண்ணிக்கையில் அந்தச் சேனல் முதலிடம் பிடித்தது உண்மை. 2004இல் அதன் தலைவர் பாட்ரிக் லெ லே, பார்வையாளர் மூளையில் கிடைக்கும் ஓய்வு நேரத்தைத்தான் கோகோ கோலாவுக்கு விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. விளம்பரத்தை மட்டுமே நம்பும் சேனலின் கணக்கு அதுதான்.

அந்தக் கணக்கை நம் மரவள்ளிக் காட்டில் வைத்துப் பாருங்கள். மரவள்ளியை அழிக்கும் மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் பக்கமும் பரவியது. அதை ஒழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டில் விட்டார்கள். கண்டபடி மருந்தடித்தால் மாவுப்பூச்சியோடு குளவியும் செத்துப்போகும் என்பதை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் கிழங்கு போடுகிற விவசாயி தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இதை அரை மணி நேரம் படம் காட்டி விளக்க எந்த விளம்பரதாரர் பணம் தருவார்? "வயலும் வாழ்வும்" போன்ற நிகழ்ச்சி பொதுப்பணத்தில்தான் பிறந்தது, அதில்தான் நிலைக்கவும் முடியும்.

விற்பனையில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுப் போட்டிகளைத் தனியார் வாங்கினாலும், அந்த ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் தர வேண்டும் என்பதும் சட்டம். இவை பொதுச் சொத்து என்பதால் கிடைத்த உரிமைகள். விற்ற மறுநாள் இவற்றுக்கு நியாயம் இருக்காது. தொடர்ந்தால், வாங்கியவருக்கு மக்கள் தந்த இனாமாகிவிடும். ஃப்ரீ டிஷ் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இத்தனை வீடுகளை விலைகொடுத்து வாங்குகிறவர் ஒருநாள் சந்தா கேட்காமல் இருப்பாரா?

சரி, இப்படியே வைத்திருக்கலாமா? அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 இறுதியில், மாநிலச் சேனல்கள் தினமும் 15 நிமிடம் சமஸ்கிருதச் செய்தி ஒளிபரப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், டிடி நியூஸ் சின்னம் காவி நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில், சென்னைத் தூர்தர்ஷனின் இந்தி மாத விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டது. பொதிகை என்ற அழகான மலைப்பெயர் டிடி தமிழ் ஆனதில் எனக்குத் தனியாக ஒரு வருத்தம் உண்டு. மக்கள் சொத்து என்று நாம் வாதாடுகிறோம். நிர்வாகமோ ஆட்சியில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நடக்கிறது. அலைக்கற்றை பொதுச் சொத்து, அதில் அரசுக்கும் ஏகபோகம் கிடையாது, தனியாருக்கும் கிடையாது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூர்தர்ஷன் அந்தத் தீர்ப்பின்படி இன்னும் நடக்கவில்லை.

நடுவழி ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. 1982இல் தொடங்கிய சேனல் 4 பொதுச் சொத்துதான், ஆனால் விளம்பர வருவாயில் ஓடுகிறது. நிகழ்ச்சிகளை வெளி நிறுவனங்களிடம் எடுக்கச் சொல்லி வாங்கி வந்ததால், சிறு தயாரிப்பாளர்கள் பலர் அதனால் வளர்ந்தார்கள். 2022இல் அதை விற்க முடிவெடுத்த அரசு, 2023 ஜனவரியில் பின்வாங்கியது. சேலத்திலும் கோவையிலும் படம் எடுக்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நிகழ்ச்சி கேட்டு வாங்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவரலாம். விளம்பரத்தை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். ஏத்தாப்பூர்க் குளவிக்கு அங்கேயும் இடம் கிடைக்காது.

என் விருப்பம் நான்காவது வழி: விற்காமல், அரசின் பிடியிலிருந்து விடுவிப்பது. அது புதிதும் அல்ல. நெருக்கடி நிலைக்குப் பிறகு அமைந்த வர்கீஸ் குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒரு சுதந்திர அறக்கட்டளையிடம் ஒப்படைக்கலாம் என்று 1978இல் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. நிர்வாகத்தைக் கண்காணிக்க 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு வேண்டும், மக்களின் புகார்களைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். அவை அமைக்கப்படவே இல்லை. பூட்டு செய்து வைத்துவிட்டுக் கதவில் மாட்டாமல் விட்டதுபோல இருக்கிறது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றே பார்க்காத ஒரு வழியைத் தோற்றுவிட்டது என்று சொல்லி விற்கப் பார்ப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இதையெல்லாம் பட்டறை நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் பணம் யார் தருவது அண்ணா?" என்றார். சரியான கேள்விதான். அமைச்சகம் ஆண்டுதோறும் பார்த்துக் கொடுக்கிற மானியம் இருக்கும்வரை சுதந்திரம் வராது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றமே தொகையை முடிவு செய்து, இடையில் யாரும் குறைக்க முடியாதபடி செய்யலாம். அதோடு, ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் பெரும்பணம் கட்டுகின்றன. நாகலூர் போன்ற ஊர்களின் கூரைகளில் அந்த டிஷ் இருப்பதால் வருகிற பணம் அது. அதில் ஒரு பங்கை அந்தக் கூரைகளுக்குக் கீழே இருப்பவர்களுக்கான நிகழ்ச்சிகளுக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்தில் எழுதலாம்.