மெஷின் உள்ளே பதியும் தையல் மேசை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எட்டு மாதங்களுக்கு முன்பு வரை சாப்பாட்டு மேசையின் மேல் மெஷினை வைத்துத்தான் தைத்துவந்தேன். அத்தகைய மேசைகள் பொதுவாக 75 செ.மீ. உயரம் உடையவை. அதன் மேல் மெஷினை வைத்தால், துணி நகர வேண்டிய தளம் இன்னும் 7 அல்லது 8 செ.மீ. மேலே போய்விடுகிறது. முழங்கைக்கு ஊன்றுதல் இல்லாமல் தோள்கள் இரண்டும் உயர்ந்தே இருப்பதால், ஒரு மணி நேரம் தைத்தாலே பின்கழுத்து இறுகிவிடும். அந்த வலி பொறுக்காமல்தான், மெஷின் உள்ளே இறங்கிப் பதியும்படி அமைந்த மடிப்பு மேசை ஒன்றை வாங்கினேன்.

மேசையின் நடுவே உள்ள திறப்பில், ஏற்றி இறக்கக்கூடிய தட்டு ஒன்று இருக்கிறது. அதை மூன்று நிலைகளில் நிறுத்தலாம்: முழுவதும் கீழே இறக்கினால் மெஷின் மூடிக்குள் மறைந்துவிடும், நடு நிலையில் மெஷினின் தளமும் மேசைப் பலகையும் ஒரே மட்டத்தில் நிற்கும், மேல் நிலை, சட்டைக் கை, கால்சட்டையின் கால் போன்ற குழாய் வடிவத் துணிகளை மாட்டித் தைப்பதற்கானது. இவற்றில் நடு நிலை ஒன்றுக்காகவே இந்த மேசையை வாங்கலாம் என்பது என் கருத்து.

இதை உணர்த்தியது ஒரு திரைச்சீலை. பழைய இடத்தில் கனமான திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கும்போதெல்லாம், மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும் துணியின் எடை முழுவதும் ஊசியைப் பக்கவாட்டில் இழுக்கும். தையல் வளைந்து போகும். சில வேளைகளில் தடித்த 16ஆம் எண் ஊசி கூட வளைந்து, கீழுள்ள தகட்டில் மோதி முறிந்துவிடும். இப்போது இடப்பக்க மடிப்புப் பலகையை விரித்துத் துணி முழுவதையும் அதன் மேல் கிடத்திவிடுகிறேன். கையால் தள்ளவோ இழுக்கவோ தேவையின்றி, மெஷினின் பற்களே துணியை நேராக நகர்த்திச் செல்கின்றன. முன்கைகள் பலகையில் படிந்திருப்பதால் கழுத்து வலியும் பெருமளவு குறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. திறப்பை அடைப்பதற்கென்று தரப்பட்ட பலகை என் மெஷினின் வடிவத்துக்குப் பொருந்தவில்லை. வலப்பக்கம் சுமார் 5 மி.மீ. இடைவெளி விழுந்து, குண்டூசிகள் அதற்குள் நழுவின. மெல்லிய துணியின் ஓரமும் சிக்கியது. விற்பனையாளரிடம் இருமுறை முறையிட்டும் மாற்றுப் பலகை வரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். இறுதியில் மெஷினின் வெளிக்கோட்டைத் தாளில் வரைந்து, கெட்டியான அட்டையை அந்த வடிவில் வெட்டிப் பொருத்திக்கொண்டேன். வேகமாகத் தைக்கும்போது தட்டு அதிர்ந்ததும் தொல்லைதான்; மெஷினுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்ட பிறகு அது அடங்கியது. நான்கு சக்கரங்களில் இரண்டுக்கு மட்டுமே பூட்டு இருப்பதால், பூட்டுள்ள பக்கம் சுவரை ஒட்டி நின்றால் பெடலை அழுத்தும்போது மேசை மெல்ல நகர்கிறது.

இழுப்பறைகள் போதுமானவை. கதவின் உட்புறம் நூல்கண்டுகளைக் குத்தி வைக்கும் முளைகள் உள்ளன. மூடிய கதவுக்குள் இருப்பதால் நூலில் தூசி படிவதில்லை, வெயிலில் நிறம் வெளுப்பதும் இல்லை. ஒவ்வொரு கண்டின் முளையிலேயே அதே நிற நூல் சுற்றிய பாபினையும் (கீழ்நூலுக்கான சிறு உருளை) மாட்டிவிடுவதால், பாபின் தேடும் வேலை ஒழிந்தது. ஊசிகளுக்கு மட்டும் தனித்தனிச் சிறு டப்பா வைத்துக்கொள்வது நல்லது. எண் ஊசித் தண்டில் மிக நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டிருப்பதால், 11ஐயும் 14ஐயும் கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

துணி வெட்டவும் இதுவே போதும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். அதை நான் ஏற்கவில்லை. நின்றுகொண்டு வெட்ட ஏறக்குறைய 90 செ.மீ. உயரமாவது தேவை, இதில் குனிந்து வெட்டினால் கழுத்தில் தீர்ந்த வலி இடுப்பில் தொடங்கிவிடும். விளக்குக்கும் தனியிடம் இல்லை. மெஷினின் உடற்பகுதி வலப்பக்கம் இருப்பதால், ஊசிமுனையில் நிழல் விழாதிருக்க இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். நான் மடிப்புப் பலகையின் விளிம்பில் கவ்வி விளக்கைப் பொருத்தியிருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் தம் மெஷினின் நீளம், அகலம், தளத்தின் உயரம் மூன்றையும் அளந்து, திறப்பின் அளவோடும் தட்டு இறங்கும் ஆழத்தோடும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலகையை மெஷினுக்கேற்ப வெட்டித் தருவார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.